கஞ்சி போட்ட முன்பாய்

அருப்புக்கோட்டையில் லிங்கம் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஆளுக்கொரு அடைமொழி. இவருக்கு வாய்த்தது ‘யோசனை’ லிங்கம். சீலைக்கு மாம்பழ நிறம் நல்லா இருக்குமா, அரக்கு நல்லா இருக்குமா என்று கேட்டு வந்தவர்கள், இவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த தெருவில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்பது வயதில் தறிக்குழியில் காலை இறக்கியவர். நாற்பத்திரண்டு வயதுவரை அவர் சட்டென்று எடுத்த ஒரே முடிவு, பாலவனத்தத்தில் கங்கம்மாளைப் பெண் பார்க்கப் போன இடத்தில் ‘சரி’ என்று சொன்னது. அதையும் அவருடைய அம்மாதான் சொன்னாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். ஆனால் லிங்கத்துக்குத் தலை சுற்ற ஆரம்பித்தால் தமிழுக்கு மாறிவிடுவார். கங்கம்மாளும் கூடவே மாறிவிடுவாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம், ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் அந்த வீட்டில் ஒரே தமிழாகத்தான் இருந்தது.

ஆடி பிறந்து நாலாம் நாள், ஜவுளிக்கடை அப்துல் பாரி வந்தார். லிங்கம் தெருவில் நெய்கிற சீலைகளைக் கட்டுக்கட்டாகக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்பவர். அதற்காகக் கீழக்கரையில் சொந்தமாக ஒரு தோணி வைத்திருந்தார். பின்னால் ஒரு ஆள் நூல் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கினான். கூடவே கறுத்து, வற்றலாக, கண் மட்டும் பெரிதாக ஒருவர் வந்திருந்தார். தோணியை ஓட்டுகிற தண்டல் சுல்தான்.

“லிங்கம், ஒரு பாய் நெய்யணும்,” என்றார் பாரி.

“மொதலாளி, நான் சீலைல்ல நெய்வேன்? பாய்க்குக் கோரைக்காரங்ககிட்ட…”

“தோணிக்குப் பாய்யா. கித்தான் பூராம் பட்டாளத்துக் கூடாரத்துக்குப் போயிருச்சு. காசு குடுத்தாலும் ஒரு முழம் அம்பிடல. நூலுக்கும் கட்டுப்பாடு. இந்த ஒரு மூட்டைக்கே நான் எத்தனை சர்க்கார் கச்சேரிப் படி ஏறி இறங்குனேன்னு எனக்குத்தான் தெரியும். இதுல ஒரு முன்பாய் நெய்யி.”

முன்பாய் என்பது தோணியின் மூக்குக்கும் பாய்மர உச்சிக்கும் நடுவில் கட்டுகிற முக்கோணத் துணி. லிங்கத்துக்கு அது தெரியாது. சுல்தான் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஒரு தோணி, ஒரு மரம், முன்னால் ஒரு முக்கோணம். லிங்கத்துக்கு அது கோழி ஒன்று அலகைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

“பெரிசா நெய்யி,” என்றார் பாரி. “இருக்கிற முன்பாய் பழசு. பெரிசா இருந்தா எல்லா நாளைக்கும் ஆகும். காத்து கூடுச்சுன்னா அடிப்பக்கத்தைச் சுருட்டிக் கட்டிட்டா சின்னதாகிரும். ஒண்ணுலயே ரெண்டு.”

சுல்தான் தொண்டையைச் செருமினார். “மொதலாளி சொல்றது சரிதான். ஆனா லிங்கண்ணே, பெரிசுன்னா இந்த நூலுக்குத் துணி மெல்லிசாத்தான் வரும். மெல்லிசை நீங்க எத்தனை சுருட்டுனாலும் அது மெல்லிசுதான். சுருட்டுன துணி நடுவுல தொந்தி போடும். புயக்காத்து தொந்திக்குள்ள பூந்துச்சுன்னா தோணியைச் சாச்சுரும். எனக்குச் சின்னதா, தடியா, தட்டையா ஒண்ணு வேணும். புயலுக்குன்னே. மத்த நாளைக்குப் பழசு போதும்.”

“புயலு வருசத்துல ரெண்டு நாளு.”

“சாவும் அந்த ரெண்டு நாள்லதான மொதலாளி.”

“தண்டலு, நீ வாயைத் தொறந்தாலே நல்ல வார்த்தை.” பாரி எழுந்து செருப்பை மாட்டினார். “சரி லிங்கம், ரெண்டு பேரும் பேசி முடிவுக்கு வந்து எழுதுறோம். ஐப்பசியில தோணி போகணும். ஓம் மச்சினன் வெங்கடசாமியத்தான் சீலைக்கட்டுக்குக் காவலா அனுப்புறேன். ஞாபகம் வச்சுக்க.”

அதை அவர் நல்ல சேதியாகத்தான் சொன்னார். ராட்டையடியில் இருந்த கங்கம்மாளின் கை அப்படியே நின்றது. வெங்கடசாமி அவளுக்கு ஒரே தம்பி. தாய் இல்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். லிங்கம் நெய்யப்போகிற துணிக்குக் கீழேதான் அவன் கடலைத் தாண்டப் போகிறான்.

சுல்தான் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கி நின்றார். மடியிலிருந்து கயிறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சின்னப் பாயின் மூன்று பக்கங்களுக்கும் அதில் முடிச்சுப் போட்டிருந்தது. நீளப்பக்கம் பத்து முழம்.

“ஒருவேளை சின்னதுன்னு முடிவானா இதான் அளவு. அடிப்பக்கம் தூக்கலா இருக்கணும். அலை மூக்குல ஏறி வந்தா துணிக்குக் கீழ ஓடிரணும். துணியில விழுந்துச்சுன்னா அந்தத் தண்ணிப் பாரமே மூக்கை முக்கிரும்.”

லிங்கம் தலையாட்டினார். அவர் பார்த்த பெரிய தண்ணீர், முப்பதாம் வருஷத்து மழையில் நிறைந்த கண்மாய். அதில் மிஞ்சிப் போனால் எருமை முங்கும். தண்ணீர் ‘ஏறி வருவது’ எப்படி என்று அன்று பூராவும் யோசித்தார்.

“காத்து கூடுதுன்னா வேலையும் கூடுதல்லா? வேலை கூடுனா பெரிய சாமான்ல வேணும்?” என்று சாப்பிடும்போது கேட்டார்.

“எங்க ஊருக் களத்துல காத்து கூடுனா சொளகைத் தாழ்த்தித்தான் பிடிப்பாக. இல்லைன்னா பதரோட மணியும் போயிரும்,” என்றாள் கங்கம்மாள்.

“அப்போ சின்னது.”

“நான் சொளகைச் சொன்னேன். கடலை நான் என்னத்தைக் கண்டேன்.”

சீக்கிரம் முடிவாக வேண்டும். பெரியது என்றால் நூலை ஒற்றையாக அப்படியே தறிக்குப் பாவோட்டலாம். சின்னது என்றால் இரண்டு இழையைச் சேர்த்து ராட்டையில் முறுக்க வேண்டும். முறுக்கிய நூலை மறுபடி பிரிக்க முடியாது. வேறு நூல் இந்த யுத்தத்தில் கிடைக்காது. ஆக, ராட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் முடிந்தது.

அவர்கள் வந்துபோன எட்டாம் நாள், வியாபாரமாக வெளியூர் போயிருந்த பாரியிடமிருந்து கார்டு வந்தது. லிங்கம் எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘பாய் விஷயமாக யோசித்தேன். கடலில் நிற்கிறவர் தண்டல். அவர் சொல்கிறபடியே செய்யவும்.’ அப்பாடா என்று ராட்டையைத் துடைத்து வைத்தார். மத்தியானத் தபாலில் கீழக்கரைக் கார்டு வந்தது. ‘தோணி முதலாளியுடையது. நான் அன்றைக்கு அதிகம் பேசிவிட்டேன். அவர்கள் சொல்கிறபடியே செய்யவும். சுல்தான்.’

இரண்டு கார்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். எது முந்தி எழுதியது என்று தெரிந்தால் பிந்தியதைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டிலும் முத்திரை மை அப்பிக் கிடந்தது.

“ரெண்டு பேரும் மரியாதைக்காரங்க. நடுவுல நான் கெடந்து சாகுறேன்.”

“மறுபடி கேட்டு எழுதுங்க,” என்றாள் கங்கம்மாள்.

“எழுதுனா மறுபடி மரியாதைதான் வரும்.”

மறுநாள் காலை அவர் மொக்கையனைத் தேடிப் போனார். மொக்கையன் வண்டிக்காரன், கூடப் பம்பரம் விட்ட சேக்காளி. “ஒன் வண்டி ஒரு நேரத்துக்கு வேணும். மாடு வேண்டாம்.”

“மாடு இல்லாம வண்டிய என்னலே செய்யப் போற? நாக்கைத் தொங்கப்போட்டு நீயே இழுக்கப் போறியா?”

“காத்து இழுக்கும்.”

மொக்கையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். வேடிக்கையை விட மனசில்லாமல் கூடவே வந்தான்.

ஊருக்குத் தெற்கே கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரி அடித்தது. வண்டியின் நடுவில் மூங்கிலை நட்டுக் கட்டினார்கள். நுகத்தடியைப் பிடித்துக்கொள்ள வெங்கடசாமி வந்திருந்தான். இருபத்தைந்து வயது, சட்டைப்பையில் எப்போதும் சீப்பு. கொழும்புக்குப் போகிறோம் என்கிற மிதப்பு முகத்திலேயே தெரிந்தது.

முதலில் இரண்டு சீலையைச் சேர்த்துத் தைத்த பெரிய துணி. பாரி சொன்னபடி அடிப்பக்கத்தைச் சுருட்டிக் கட்டி ஏற்றினார்கள். துணி உப்பியது. சுருட்டின இடத்துக்கு மேலே, விருந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி ஒரு தொந்தி வந்தது. வண்டி கிளம்பி ஓடியது. ஒரு வீச்சுக் காற்று வந்ததும் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. நுகத்தடி வெங்கடசாமியையும் இழுத்துக்கொண்டு போய் உடைமரத்து முள்ளில் செருகியது.

அடுத்து பழைய சமுக்காளத்தை முக்கோணமாக மடித்து, நல்ல இழுவையாகக் கட்டினார்கள். அது தட்டையாக நின்றது. வண்டி அசைந்து அசைந்து, கிழவன் கோயிலுக்குப் போகிற மாதிரி நேராகப் போனது. எத்தனை வீச்சு வந்தும் சாயவில்லை.

“இதுல யோசிக்க என்னலே இருக்கு? பெரிசுதான் ஓடுச்சு. சின்னது நொண்டுது,” என்றான் மொக்கையன்.

“சின்னதுல சாயல.”

“சாயாம நிக்கிறதுக்கா காத்தைக் கூப்பிட்ட? ஓடணும்லலே?”

லிங்கத்துக்குத் திரும்பவும் குழம்பியது. ஓடுவதா, சாயாமல் இருப்பதா? கடலில் எது வேண்டும்? புயலில் ஓடித் தப்ப வேண்டுமா, நின்று தப்ப வேண்டுமா? இதைச் சுல்தானிடம் கேட்கவே இல்லையே.

வெங்கடசாமி முழங்காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சீப்பு இரண்டாக ஒடிந்து கிடந்தது. “மச்சான், நான் போகப்போறது எதுல?”

லிங்கம் அவன் முழங்காலைப் பார்த்தார். வீட்டுக்குப் போனதும் கங்கம்மாளிடம் சொன்னார். “முறுக்கு. ரெட்டை இழை.”

நெய்து முடிக்க ஆவணி பூராவும் ஆனது. அப்படி ஒரு தடித் துணியை அந்தத் தறி கண்டதில்லை. மிதிக்கும்போது வீடே முனகியது. சீலை அகலத்துக்கு நெய்த துண்டுகளைக் கயிற்று அளவுக்கு வெட்டி, கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்தார். அடிப்பக்கத்தைத் தூக்கலாக வைத்தார். இவ்வளவும் சரியாகத்தான் செய்தார்.

பிறகு அவருக்கு அந்த யோசனை வந்தது. அவர் வீட்டுச் சீலைக்குப் பேரே கஞ்சியால்தான். தறியில் ஏறுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் யாரும் நெய்ய முடியாது. ஆனால் லிங்கம் நெய்து முடித்த பிறகும் ஒரு தடவை போடுவார். கடையில் விரித்தால் சீலை பலகை மாதிரி நிற்கும். தட்டையாக நிற்க வேண்டும் என்றுதானே சுல்தான் சொன்னார்? வீட்டில் அரிசி சோற்றுக்கே இழுபறியாக இருந்த காலத்தில், கங்கம்மாள் தம்பியை நினைத்து ஒரு படி அரிசியை உலையில் போட்டாள். இரண்டு பங்கு கஞ்சி. வெயிலில் விரித்துக் காயவைத்ததும், அந்தப் பாயை நீளப்பக்கம் தரையில் படச் சுவரில் சாத்தினால் தானாக நின்றது. தெருவே வந்து தட்டிப் பார்த்தது. டிங்கென்று சத்தம் வந்தது.

புரட்டாசிக் கடைசியில் சுல்தான் வந்தார். பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். தையலைக் கிள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“சின்னதாவே நெய்திட்டீங்களா? மொதலாளி பேச்சைக் கேப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நீங்கதான அப்படி எழுதுனீங்க?”

“அது மரியாதைக்கு எழுதுறது.”

சுல்தான் பாயை இன்னொரு தடவை தட்டினார். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது. துணியின் ஓரத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

“ஒரு குடம் தண்ணி குடுங்க.”

கங்கம்மாள் தயங்கினாள். அந்த வருஷம் ஒரு குடம் தண்ணிக்கு அரை மைல் நடக்க வேண்டும். கொண்டுவந்து வைத்தாள். சுல்தான் குடத்தைத் தூக்கி, பாயின் தலையில் கவிழ்த்தார். வெள்ளையாக வழிந்தது. பலகை மாதிரி நின்ற பாய் முதலில் இடுப்பை வளைத்தது, பிறகு முழங்காலை மடித்தது, பிறகு நனைந்த அப்பளமாகத் தரையில் உட்கார்ந்தது. எதிர்வீட்டு ஆடு எங்கிருந்தோ வந்து நின்று நக்க ஆரம்பித்தது.

“லிங்கண்ணே, கடல்ல இதை ஏத்துனா மொத அலையிலயே மீனுக்குக் கஞ்சி ஊத்துன புண்ணியம் ஒங்களுக்கு. அப்புறம் இது மொதலாளி பாயைவிடப் பெரிய தொந்தி போடும்.”

லிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். காய்ந்த கண்மாயில், காய்ந்த துணியை, காய்ந்த காற்றில்தான் அவர் பரீட்சை செய்தார். கடல் நனைக்கும் என்பது அவர் யோசனையின் எந்த மூலையிலும் வரவில்லை. இந்த ஊரில் துணி நனைந்தால் உடனே காய்ந்துவிடும்.

“எப்பக் கெளம்புது?” என்று கேட்டாள் கங்கம்மாள்.

“பன்னெண்டு நாள் இருக்கு.”

“கஞ்சி போனா சரியாயிருமா?”

“தெரியலம்மா. கஞ்சி போகணும், துணி இறுகணும். அலசி, இழுத்துக் கட்டிக் காயவச்சுப் பாக்கலாம்.”

பாயை மொக்கையன் வண்டியில் ஏற்றி உவர்க் கிணற்றுக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை மாடு பூட்டியிருந்தது. ஊறவைத்து, அடித்து அலசி, இரண்டு வேம்புக்கு நடுவே முறுக்கி இழுத்துக் கட்டினார்கள். காய்ந்ததும் மறுபடி நனைத்தார்கள். மூன்று நாள், மூன்று தடவை. ஆடு மூன்று நாளும் வந்தது. மூன்றாம் நாள் துணி வேறு ஜாதியாகிவிட்டது. தொட்டால் மாட்டுத் தோல். தண்ணீர் ஊற்றினாலும் வளையவில்லை.

சுல்தான் கயிற்றை வைத்து அளந்தார். துணி சுருங்கி, முடிச்சுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. நீளப்பக்கத்தில் முக்கால் முழம்போலக் குறைந்தது. மற்றப் பக்கங்களில் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டி லிங்கத்திடமே கொடுத்தார்.

“ரொம்பச் சின்னதாப் போச்சோ?” என்று லிங்கம் கேட்டார்.

சுல்தான் பாயைத் தோளில் போட்டார். “வாரேண்ணே,” என்று மட்டும் சொன்னார்.

நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அந்த ‘வாரேண்ணே’யை லிங்கம் பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஐப்பசி எட்டாம் தேதி தோணி போனது. பதினாலாம் தேதி அருப்புக்கோட்டையில் பகலே இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் காற்று. பரளச்சிப் பக்கம் பனைகள் சாய்ந்தன என்று சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அப்புறம் பத்தொன்பது நாள் ஒரு சேதியும் இல்லை. பாரி கடையில் கேட்டால், “யுத்த காலத்துல தந்தி அப்படித்தான்,” என்பார். ஆனால் லிங்கத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார். லிங்கம் தறியில் உட்கார்ந்து ஊடு நூல் நாடாவை ஓட்டும்போதெல்லாம் அந்த முக்கால் முழத்தையே நினைத்தார். அது இருந்திருந்தால் தோணி ஓடியிருக்குமோ? இல்லை, அது இல்லாததால் சாயாமல் இருக்குமோ? முக்கால் முழம் துணிக்கு ஒரு ஆள் உயிர் என்றால், இத்தனை வருஷம் அவர் ஓரத்தில் வெட்டி எறிந்த துண்டுகள் எத்தனை ஆள்?

கார்த்திகையில் ஒரு மத்தியானம், பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்தான் வெங்கடசாமி. பாதியாக இளைத்திருந்தான். பையில் புதுச் சீப்பு. கங்கம்மாள் அவன் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய், அடுப்படியில் சத்தமில்லாமல் அழுதுவிட்டு, சோற்றோடு வந்தாள்.

லிங்கம் அவன் எதிரில் உட்கார்ந்தார். “மாப்ளே, பாயி?”

“என்ன பாயி?”

“புயல்ல பாயி எப்படி இருந்துச்சு?”

வெங்கடசாமி சோற்றைப் பிசைந்தான். “மச்சான், பெரிய பாயி எல்லாத்தையும் எறக்கிட்டு ஒங்களதை ஏத்துனாக. ஏத்தும்போது பாத்தேன், நின்னுச்சு. மறுநாக் காலைல பாத்தேன், அப்பவும் நின்னுச்சு. நடுவுல நான் நிக்கல. சீலைக்கட்டோட என்னையும் சேத்துக் கட்டிப் போட்டுட்டாக. கொடலு வெளிய வந்துரும்போல இருந்துச்சு. நான் என்னத்தைப் பாத்தேன்.”

“தோணி ஓடுச்சா, நின்னுச்சா?”

“ரெண்டும்தான்.”

“சாஞ்சுச்சா?”

“எல்லாப் பக்கமும் சாஞ்சுச்சு. ஆனா திரும்ப வந்துச்சு.”



ஒரு வாரம் கழித்துப் பாரி இன்னொரு நூல் மூட்டையோடு வந்தார். எப்படிச் சம்பாதித்தார் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. “தண்டலு சொல்லிவிட்டாரு. இன்னொரு தோணிக்காரரும் கேக்குறாரு. அதே மாதிரி ஒண்ணு. அளவு ஒரு விரக்கடை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாமாம்.”

லிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷமே காலியானது. அதே அளவு என்றால் எந்த அளவு? கயிற்றின் அளவில் அவர் தைத்தது ஒன்று. சுருங்கிப் போனது ஒன்று. அதை யாரும் முழுசாக அளக்கவில்லை. பாய் இப்போது கடலில் எங்கேயோ இருக்கிறது. கார்டு எழுதிக் கேட்டார். பதில் வந்தது: ‘அளவுக் கயிறு தங்களிடமே இருக்கிறது. அப்படியே செய்யவும். சுல்தான்.’

“இதுவும் மரியாதைக்கு எழுதுனதோ?” என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கஞ்சிய இந்தத் தடவை விட்டுரலாமா? கஞ்சி போடலைன்னா சுருக்கம் கூடுமா, குறையுமா? உவர்த் தண்ணியா, நல்ல தண்ணியா? மூணு தடவையா, ரெண்டு போதுமா?”

கங்கம்மாள் ராட்டையில் நூலைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். “இந்தாங்க. அன்னைக்கு என்னென்ன செஞ்சீகளோ, தப்பு ரைட்டுப் பாக்காம அம்புட்டையும் திரும்பச் செய்யுங்க. எது என் தம்பியக் கொண்டுவந்துச்சுன்னு நமக்கென்ன தெரியும்?”

அப்படியே செய்தார். கயிற்று அளவுக்குத் தைத்தார். ஒரு படி அரிசியைக் கஞ்சியாக்கி இரண்டு பங்கு போட்டார். பலகையாகக் காயவைத்துச் சுவரில் சாத்தினார். பிறகு, அரை மைல் தூரத்திலிருந்து வந்த தண்ணீரை ஒரு குடம் அதன் தலையில் கவிழ்த்தார். வெள்ளையாக வழிந்தது. பாய் இடுப்பை வளைத்து, முழங்காலை மடித்து உட்கார்ந்தது.

வேடிக்கை பார்த்த மொக்கையனுக்குப் பொறுக்கவில்லை. “ஏலே, கிறுக்கு முத்திப் போச்சா? இருந்த கஞ்சிய நீயே ஊத்தி நீயே அலசுற?”

லிங்கம் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்குப் போய், முளையில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு வந்து, பாய்க்குப் பக்கத்தில் விட்டார்.